பிளக் உருகியது, எம்சிபி ஏன் விழவில்லை?

போன மார்கழியில் ஒரு நாள் காலை, அம்மா குளிப்பதற்காக கீசரைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். பத்து நிமிஷம் கழித்து, "ஏதோ பிளாஸ்டிக் தீயுற வாடை வருதுடா" என்றார். போய்ப் பார்த்தால் கீசர் சாக்கெட்டின் ஒரு ஓட்டையைச் சுற்றிக் கருகி, பிளக் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெயினை அணைத்துவிட்டுத்தான் பிடுங்க முடிந்தது. கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். "லோடு தாங்கல சார். சுவத்த உடைச்சு வயர மாத்திடுங்க, எம்சிபியையும் பெருசா போட்டுருவோம்" என்றார். எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. லோடு தாங்கவில்லை என்றால் எம்சிபி விழுந்திருக்க வேண்டுமே? அந்த லைனில் இருந்த 16 ஆம்பியர் எம்சிபி கடைசி வரை அசையவே இல்லை. நான் பி.இ. முதல் வருடத்தில் அடிப்படை மின்னியல் ஒரு பேப்பர் எழுதிப் பாஸ் செய்தவன். அதற்குப் பிறகு சாஃப்ட்வேர்தான். இருந்தாலும் செலவு செய்வதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன்.

தேவைப்பட்ட சூத்திரங்கள் இரண்டுதான். வோல்டேஜை கரண்டால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்தடை. வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கினால் வாட். கீசரில் 230 வோல்ட், 2000 வாட் என்று போட்டிருக்கிறது. 2000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். 230-ஐ அந்த 8.7-ஆல் வகுத்தால் கீசர் சுருளின் தடை சுமார் 26.4 ஓம். 16 ஆம்பியர் சாக்கெட்டில் ஓடியது 8.7 ஆம்பியர், பாதிக்குக் கொஞ்சம் மேல். ஆக, லோடு அதிகம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து, கழற்றிப் போட்ட சாக்கெட்டில் பிளக்கைச் செருகி, பின்னுக்கும் சாக்கெட்டின் ஸ்க்ரூவுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தேன். 0.8 ஓம் காட்டியது. மல்டிமீட்டரின் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று தொட வைத்தாலே 0.3 காட்டும், அதைக் கழிக்க வேண்டும். மிச்சம் அரை ஓம். நல்ல கான்டாக்ட்டில் இது பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்.

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். ரெசிஸ்டன்ஸ் தெரியும், வோல்டேஜ் தெரியும், வோல்டேஜின் வர்க்கத்தை ரெசிஸ்டன்ஸால் வகுத்தால் வாட் வந்துவிடும் என்று 230-ஐப் போட்டேன். விடை 1,05,800 வாட்! பிளக் என்ன, ஒரு சின்ன ஃபாக்டரியே ஓடும். பத்தாவது படிக்கும் மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, ரெசிஸ்டன்ஸ் கொறைஞ்சா சூடு கூடுமா, கொறையுமா? புக்ல ரெண்டு ஃபார்முலா இருக்கு, ரெண்டும் வேற வேற மாதிரி சொல்லுது" என்றான். சரியான கேள்வி.

சூத்திரத்தில் போட வேண்டியது வீட்டுக்கு வருகிற வோல்டேஜ் அல்ல, அந்தப் பொருளின் இரு முனைகளுக்கு நடுவே விழுகிற வோல்டேஜ். ஒரே லைனில் பக்கவாட்டில் இணைந்திருக்கும் ஃபேன், அயர்ன் பாக்ஸ், கீசர் எல்லாவற்றுக்கும் 230 வோல்ட் அப்படியே கிடைக்கும். வோல்டேஜ் மாறாததால், அங்கே தடை குறைந்தால் வாட் கூடும். 2000 வாட் கீசரின் தடை 1000 வாட் அயர்ன் பாக்ஸின் தடையில் பாதிதான். கெட்டுப்போன கான்டாக்ட் கதை வேறு. அது கீசரோடு வரிசையாக, ஒரே பாதையில் நிற்கிறது. எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்பதை ஏறக்குறைய கீசரே முடிவு செய்துவிடுகிறது. கான்டாக்ட்டுக்கு அந்தக் கரண்டை வாங்கிக் கடத்துவதைத் தவிர வேறு வழியில்லை. அங்கே தடை கூடினால்தான் சூடு கூடும். அதற்குக் கரண்டின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க வேண்டும்.

இப்போது சரியான கணக்கு. மொத்தத் தடை கிட்டத்தட்ட 27 ஓம், கரண்ட் 8.5 ஆம்பியர். கான்டாக்ட்டில் விழுவது 4.3 வோல்ட்டுக்குள்தான். அதை 8.5-ஆல் பெருக்கினால் சுமார் 36 வாட்.

36 வாட் என்றால் ஏதோ ஒரு பல்பு அளவுதானே என்று தோன்றும். ஆனால் ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட்! அதைவிடச் சூடான ஒன்றை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து வைத்திருந்தோம். ஒப்பிட்டுப் பார்க்க, சுவருக்குள் ஓடும் வயரையும் கணக்குப் போட்டேன். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், போக வர 20 மீட்டர், தடை சுமார் 0.15 ஓம். அதில் வீணாவது 11 வாட், அதுவும் 20 மீட்டருக்குப் பரவி, மீட்டருக்கு அரை வாட். வயர் வெதுவெதுப்பாகக்கூட ஆகாது. சுவரை உடைக்கத் தேவையே இல்லை.

எம்சிபி விஷயத்துக்கும் விடை இதிலேயே இருக்கிறது. எம்சிபி பார்ப்பது கரண்டை மட்டும்தான். கான்டாக்ட் கெட்டதால் கரண்ட் 8.7-லிருந்து 8.5-க்குக் குறைந்திருக்கிறதே தவிர கூடவில்லை. பெரிய எம்சிபி போட்டிருந்தால் இந்தச் சூட்டைத் தடுத்திருக்காது, நிஜமான ஓவர்லோடு வரும்போது வயரைக் காப்பாற்றவும் தாமதித்திருக்கும்.

இதே சாக்கெட்டில் 0.3 ஆம்பியர் இழுக்கும் ஃபேனைச் செருகியிருந்தால் கான்டாக்ட்டில் 0.05 வாட்கூட வராது, பல வருஷம் ஒன்றும் தெரியாமல் ஓடியிருக்கும். வெப்பம் கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று ஜூல் 1841-லேயே எழுதிவிட்டார். இன்னொரு சிக்கல், சூடானால் பித்தளையின் பிடி தளரும், மேலே ஆக்சைடு படியும். தடை கூடும், இன்னும் சூடாகும். தடை ஒரு ஓம் ஆகும்போது 36 வாட் 70 வாட் ஆகிவிடும். எங்கள் தொழிலில் இதை முடிவில்லாத லூப் என்போம்.

சாக்கெட்டையும் பிளக்கையும் மட்டும் மாற்றி, ஸ்க்ரூவை எல்லாம் இறுக்கச் சொன்னேன். எலக்ட்ரீஷியனுக்கு அவ்வளவாகத் திருப்தி இல்லை. இப்போது மாதம் ஒருமுறை கீசர் பத்து நிமிஷம் ஓடியதும் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியைத் தொட்டுப் பார்க்கிறேன். கை வைக்க முடியாத சூடு இருந்தால் கான்டாக்ட் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். போன வாரம் பார்த்தபோது லேசான வெதுவெதுப்புதான். அம்மா இன்னும் கீசரைப் போட்டுவிட்டு பாத்ரூம் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்காருகிறார்.