செய்தியும் சந்தையும்: அமெரிக்கத் தொலைக்காட்சி தரும் படிப்பினை

‘செய்தி’ என்னும் சொல் ‘செய்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. நிகழ்ந்தது எதுவோ அதனை நிகழ்ந்தவாறே பிறர்க்கு உரைப்பது செய்தி. இந்தப் பொருளின்படி, செய்திக்கு உண்மை ஒன்றே போதுமான தகுதி. ஆயினும் தொலைக்காட்சியில் வரும் செய்திக்கு வேறொரு தகுதியும் வேண்டப்படுகிறது: பார்ப்பவர் வேறு ஒளிவழிக்கு மாறிவிடாதவாறு அது அவரைக் கட்டி நிறுத்த வேண்டும். இவ்விரு தகுதிகளும் சில வேளைகளில் ஒன்றுபடும். பல வேளைகளில் முரண்படும். முரண்படும்போது வெல்வது எது என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா.

இவ்வினாவுக்கு விடைகாண அமெரிக்காவின் பட்டறிவே ஏற்றது. தனியார் வணிகமாகவே தொலைக்காட்சி வளர்ந்த நாடு அது. இருபத்துநான்கு மணி நேரச் செய்தி ஒளிவழி என்னும் வடிவமும் அங்கேயே தோன்றியது. இன்று தமிழில் நாம் காணும் செய்தி ஒளிவழிகளும் அவ்வடிவத்தையே பின்பற்றுகின்றன. ஆதலின் அந்நாட்டு வரலாறு நமக்கு அயலாரின் கதை அன்று.

வாங்குபவர் யார்? விற்கப்படுவது எது?

விளம்பரத்தால் இயங்கும் தொலைக்காட்சியில் பார்வையாளர் வாடிக்கையாளர் அல்லர். அவர் நிகழ்ச்சிக்கென்று காசு கொடுப்பதில்லை. காசு கொடுப்பவர் விளம்பரதாரர். அவர் வாங்குவது பார்வையாளரின் நேரத்தையும் கவனத்தையும். எத்தனை பேர் பார்த்தனர், அவர்கள் எவ்வயதினர் என்பதை நீல்சன் போன்ற நிறுவனங்கள் அளந்து சொல்கின்றன. அவ்வளவுக்கேற்ப விளம்பரத்தின் விலை ஏறும், இறங்கும். அரைமணிச் செய்தியில் விளம்பரங்கள் போக எஞ்சுவது ஏறத்தாழ 22 நிமிடமே. அந்த 22 நிமிடம் எஞ்சிய எட்டு நிமிடத்துக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பையும் சுமக்கிறது.

இதனைக் குற்றமாக மட்டும் கருதுதல் நேர்மையன்று. செய்தி திரட்டப் பெரும்பொருள் வேண்டும். படப்பிடிப்பாளர், வெளிநாட்டுச் செய்தியாளர், செயற்கைக்கோள் இணைப்பு ஆகிய அனைத்துக்கும் விளம்பர வருவாயே உணவளித்தது. சிக்கல் வருவாய் ஈட்டுவதில் இல்லை; எதனைச் செய்தியாகக் கொள்வது என்னும் முடிவுக்குள் அவ்வருவாய் நுழையும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

தொடக்க காலம்

1934ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டம், ஒளிபரப்பு உரிமம் பெறுவோர் பொதுநலனுக்கு உழைக்க வேண்டும் என விதித்தது. வானலை மக்களின் உடைமை; அதனைப் பயன்படுத்துவோர் மக்களுக்குக் கடன்பட்டவர் என்பது அதன் அடிப்படை. பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள் அக்கடனைச் செய்தியின் மூலம் தீர்த்தன. நகைச்சுவை நாடகங்களும் வினாவிடைப் போட்டிகளும் பொருளீட்டும். செய்திப்பிரிவு நற்பெயர் ஈட்டும் என்பது அன்றைய ஏற்பாடு.

ஆனால் அக்காலமும் மாசற்ற பொற்காலம் அன்று. 1949இல் என்பிசி தொடங்கிய மாலைச் செய்தியின் பெயர் ‘கேமல் நியூஸ் கேரவன்’. சிகரெட் நிறுவனத்தின் வணிகப்பெயரையே செய்தி தன் நெற்றியில் சூடியிருந்தது. புகைபிடிக்கத் தடை என்னும் அறிவிப்புப் பலகைகள் திரையில் தோன்றலாகாது என்பதும், சுருட்டுப் புகைப்பவரைக் காட்டலாகாது என்பதும் அந்நிறுவனம் விரும்பிய ஒழுங்குகள். சர்ச்சிலுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. இவை சிறிய செய்திகளாகத் தோன்றலாம். ஆனால் பணம் தருபவரின் விருப்பம் படத்தின் சட்டகத்துக்குள் கைநீட்ட முடியும் என்பதை அவை காட்டின.

மர்ரோவின் எச்சரிக்கை

எட்வர்டு மர்ரோ என்னும் செய்தியாளர் சிபிஎஸ் நிறுவனத்தில் ‘சீ இட் நௌ’ என்னும் நிகழ்ச்சியை வழங்கிவந்தார். 1954ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் ஒளிபரப்பான பகுதியில், கம்யூனிச அச்சத்தைத் தூண்டிப் பலரது வாழ்வைச் சிதைத்துவந்த செனட்டர் மெக்கார்த்தியின் போக்கை, அவருடைய சொற்களையும் படங்களையும் கொண்டே அவர் வெளிப்படுத்தினார். தொலைக்காட்சிச் செய்தி வரலாற்றில் துணிவுக்குச் சான்றாக இன்றும் சுட்டப்படுவது அந்நிகழ்ச்சி.

அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. 1955 ஜூன் மாதத்தில் ‘64,000 டாலர் வினா’ என்னும் பரிசுப் போட்டி அதே நிறுவனத்தில், அதே இரவில், மர்ரோவின் நிகழ்ச்சிக்குச் சற்று முன்னதாகத் தொடங்கியது. அதன் பெருவெற்றி அண்டை நேரங்களின் விலையையும் உயர்த்திவிட்டது. சிந்திக்க வைக்கும் நிகழ்ச்சிக்கு அவ்வளவு விலையுயர்ந்த நேரத்தை ஒதுக்குவது வீண்செலவாகத் தோன்றியது. ‘சீ இட் நௌ’ வாராந்தர இடத்தை இழந்து, 1958இல் முற்றாக நின்றது.

அவ்வாண்டு அக்டோபர் மாதம் சிகாகோவில் வானொலி, தொலைக்காட்சிச் செய்தி இயக்குநர்கள் கூடிய அவையில் மர்ரோ உரையாற்றினார். கேளிக்கை, விளம்பரம், செய்தி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. அவற்றை ஒரே கூரையின்கீழ் வைத்ததே நோயின் வேர் என்பது அவர் கருத்து. அவர் வெறுமனே குறைகூறவில்லை. பெருநிறுவனங்கள் ஒவ்வொன்றும் தாம் ஆதரிக்கும் கேளிக்கை நிகழ்ச்சிகளில் ஆண்டுக்கு ஒன்றிரண்டின் நேரத்தை நாட்டின் முதன்மைப் பொருள்களை விளக்குவதற்கு விட்டுக்கொடுக்கட்டும் என்றார். வணிகத்தை ஒழிக்க அவர் கோரவில்லை. வணிகத்திடம் சிறிதளவு பங்கையே கேட்டார். அதுவும் கிட்டவில்லை.

போரா, நகைச்சுவையா?

1966 பிப்ரவரியில் வியட்நாம் போரைப் பற்றி அமெரிக்கச் செனட் அவையின் வெளியுறவுக் குழு பொது விசாரணை நடத்தியது. அரசதந்திரி ஜார்ஜ் கெனன் சான்றளித்த நாளில், அதனை நேரடியாக ஒளிபரப்ப வேண்டும் என்றார் சிபிஎஸ் செய்திப்பிரிவின் தலைவர் பிரெட் பிரெண்ட்லி. மேலிடம் இணங்கவில்லை. அந்த நேரத்தில் ‘ஐ லவ் லூசி’ நகைச்சுவைத் தொடரின் பழைய பகுதி மறுஒளிபரப்பானது. பிரெண்ட்லி பதவி விலகினார்.

இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் போர்முனைக்கு அனுப்பப்பட்ட காலம் அது. அப்போர் தேவையா என்று அறிஞர் ஒருவர் விளக்குவதைக் கேட்கும் வாய்ப்பை, முன்னரே காட்டப்பட்ட நகைச்சுவை ஒன்று அந்த ஒளிவழியில் பறித்துக்கொண்டது. இம்முடிவை எடுத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். கணக்கேட்டைப் பார்த்தே அவர்கள் முடிவெடுத்தனர். கணக்கேட்டில் விளம்பர இழப்புக்கு ஒரு வரி உண்டு. குடிமக்கள் அறியாமல் போனவற்றுக்கு வரி இல்லை.

செய்தியே பொருளீட்டியபோது

1968இல் சிபிஎஸ் தொடங்கிய ‘சிக்ஸ்டி மினிட்ஸ்’ செய்தி இதழ்நிகழ்ச்சி முதலில் தடுமாறியது. பின்னர் ஞாயிறு மாலைக்கு மாற்றப்பட்டு மெல்ல வளர்ந்து, 1979-80 பருவத்தில் அமெரிக்காவில் மிகுதியாகப் பார்க்கப்பட்ட நிகழ்ச்சியாயிற்று. அது தரமான நிகழ்ச்சி. பல முறைகேடுகளை வெளிக்கொணர்ந்தது. ஆனால் அதன் வெற்றி எதிர்பாராத விளைவொன்றைத் தந்தது. செய்தியால் இலாபம் ஈட்ட முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டதும், செய்தி இலாபம் ஈட்டியே ஆகவேண்டும் என்னும் எதிர்பார்ப்பும் உடன் பிறந்தது.

1985, 1986 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெரிய ஒளிபரப்பு நிறுவனங்களும் புதிய கைகளுக்கு மாறின. ஜெனரல் எலெக்ட்ரிக் என்பிசியைப் பெற்றது. கேப்பிட்டல் சிட்டீஸ் ஏபிசியை வாங்கியது. சிபிஎஸ் லாரன்ஸ் டிஷ் என்னும் முதலீட்டாளரின் ஆளுகைக்குள் வந்தது. 1987இல் சிபிஎஸ் செய்திப்பிரிவில் இருநூறுக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். அந்நிறுவனங்களின் வெளிநாட்டுச் செய்தி அலுவலகங்களும் குறைந்துவந்தன.

உடைமையாளரின் நலன் செய்தியைத் தீண்டியதற்கு 1995ஆம் ஆண்டு ஒரு சான்று தந்தது. புகையிலை நிறுவனம் ஒன்றின் முன்னாள் ஆய்வுத்தலைவர் ஜெப்ரி வைகண்ட் அளித்த நேர்காணலைச் ‘சிக்ஸ்டி மினிட்ஸ்’ பதிவு செய்திருந்தது. பெருந்தொகை கோரும் வழக்கு வரக்கூடும் என வழக்கறிஞர்கள் அஞ்சினர். சிபிஎஸ் நிறுவனமே வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்துக்குக் கைமாறவிருந்த நேரம் அது. நேர்காணல் நிறுத்திவைக்கப்பட்டது. நாளிதழ் ஒன்று அவருடைய வாக்குமூலத்தை வெளியிட்ட பின்னரே, 1996 பிப்ரவரியில் அது முழுமையாக ஒளிபரப்பாயிற்று.

இருபத்துநான்கு மணி நேரம்

1980 ஜூன் 1ஆம் நாள் சிஎன்என் தொடங்கியது. 1991 ஜனவரியில் பாக்தாத் நகரின்மீது குண்டுகள் விழுந்த இரவில், அங்கிருந்தே அதன் செய்தியாளர்கள் நேரடியாகப் பேசினர். அந்த வடிவத்தின் வலிமையை உலகம் அன்று கண்டது.

அதன் வலிவின்மை வேறு நாள்களில் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் போர் மூள்வதில்லை. நிகழ்வு இல்லாத நேரத்தையும் நிரப்பியாக வேண்டும். களத்துக்குச் சென்று உண்மை திரட்டுவது செலவு மிக்கது. நால்வரை அமர்த்தி வாதிடச் செய்வது மலிவானது. ஆகவே செய்தியின் இடத்தைக் கருத்து நிரப்பியது. 1994 ஜூன் 17ஆம் நாள், கொலைக்குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் அமெரிக்கக் காற்பந்து வீரர் ஓ. ஜே. சிம்ப்சன் சென்ற வெள்ளை வண்டியைக் காவலர் மெதுவாகப் பின்தொடர்ந்த காட்சியை ஏறத்தாழ 95 மில்லியன் பேர் பார்த்ததாக மதிப்பிடப்பட்டது. வண்டி ஓடியது, வேறெதுவும் நிகழவில்லை. எனினும் ‘அடுத்து என்ன?’ என்னும் தவிப்பு இருந்தது. அத்தவிப்பே விற்பனைப் பொருள் என்பதைத் துறையினர் கற்றுக்கொண்டனர்.

1996இல் எம்எஸ்என்பிசியும் பாக்ஸ் நியூசும் தோன்றின. போட்டி கூடியது. எல்லாரையும் ஈர்ப்பதைவிட, ஒரு சாராரை நிலையாகப் பிடித்துவைப்பதே ஆதாயம் எனத் தெரிந்தது. அச்சாரார் முன்னரே நம்புவதை உறுதிப்படுத்துவது அதற்கு எளிய வழி. 2020 அதிபர் தேர்தலுக்குப் பின் வாக்குப்பொறிகள் குறித்துச் சுமத்தப்பட்ட பொய்க் குற்றச்சாட்டுகள் பாக்ஸ் நியூசில் ஒலித்தன. அவற்றைத் தாமே நம்பாத நெறியாளர்களும் அதிகாரிகளும் இருந்தனர் என்பதும், பார்வையாளரை இழக்கும் அச்சம் அங்கு நிலவியது என்பதும் வழக்கின் ஆவணங்களில் வெளிப்பட்டன. 2023 ஏப்ரலில் டொமினியன் நிறுவனத்துக்கு 787.5 மில்லியன் அமெரிக்க டாலர் தர இணங்கி அவ்வழக்கு முடிக்கப்பட்டது. பார்வையாளரை இழந்துவிடுவோமோ என்னும் அச்சம் உண்மையை ஓரந்தள்ளும் இடம்வரை சென்றதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

கேளிக்கையின் இலக்கணம்

மேற்கண்ட நிகழ்ச்சிகளிலிருந்து சில பொதுவிதிகளை வருவிக்கலாம். படம் உள்ளது செய்தியாகும். படம் இல்லாதது பின்தள்ளப்படும். ஆதலின் தீ விபத்து முந்தும். ஓய்வூதியத் திட்டத்தின் குறைபாடு பிந்தும். தனிமனிதர் முந்துவர், அமைப்புகள் பிந்தும். மோதல் முந்தும், உடன்பாடு பிந்தும். இவற்றுள் பொய் என்று ஒன்றும் இல்லை. காட்டப்படும் ஒவ்வொன்றும் உண்மையாக இருந்தும், அவை சேர்ந்து தரும் உலகப்படம் பிழையாக இருக்கக்கூடும்.

1985இல் நீல் போஸ்ட்மன் வெளியிட்ட நூல் இதனையே வலியுறுத்தியது. கேளிக்கை நிகழ்ச்சிகளால் தீங்கில்லை. தீவிரமான பொருள்கள் கேளிக்கையின் உடையை அணியும்போதே தீங்கு நேரும் என்றார் அவர். கொடிய நிலநடுக்கச் செய்தியை அடுத்து உடனே விளம்பரம் வருகிறது. அதனை அடுத்து விளையாட்டு வருகிறது. எதுவும் நெஞ்சில் தங்க வேண்டியதில்லை என்னும் பாடத்தை அவ்வரிசையே கற்பிக்கிறது.

இதில் மொழிக்கும் பங்குண்டு. ‘பரபரப்பு’, ‘அதிர்ச்சி’, ‘திடுக்கிடும் திருப்பம்’ ஆகிய சொற்கள் நாள்தோறும் வந்தால், மெய்யாகவே அதிர வேண்டிய நாளில் நம்மிடம் சொல் எஞ்சாது.

தீர்வு எங்கே?

பிரிட்டனின் பிபிசி உரிமக் கட்டணத்தால் இயங்குகிறது. அமெரிக்காவிலேயே பொது ஒளிபரப்பில் ராபர்ட் மக்நீல், ஜிம் லேரர் இருவரும் 1983 முதல் ஒருமணி நேரச் செய்தியை நிதானமாக வழங்கினர். விளம்பரத்தின் பிடி தளர்ந்தால் செய்திக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும் என்பதற்கு இவை சான்று. எனினும் பொதுப்பணத்தில் இயங்கும் நிறுவனத்துக்குப் பணம் ஒதுக்குவோரின் நெருக்கடி உண்டு. எந்த வழியும் ஆபத்து நீங்கியதன்று. ஒரே வகை நிதியை மட்டும் எல்லாச் செய்தியும் நம்பியிராமல் இருப்பதே ஓரளவு காப்பு.

எஞ்சிய காப்பு பார்ப்பவரிடம் உள்ளது. செய்தியின் முன் அமரும்போது மூன்று வினாக்களை எழுப்பலாம். இப்போது எனக்குச் சொல்லப்படுவது நிகழ்வா, நிகழ்வைப் பற்றிய ஊகமா? படம் கிடைக்காமற்போயிருந்தால் இது செய்தியாகியிருக்குமா? இதனைக் கேட்டபின் நான் முன்னினும் அறிந்தவனா, முன்னினும் கொதிப்படைந்தவனா?

அளவுக்கருவிகள் எண்ணுவது நாம் பார்த்தவற்றை மட்டுமே. நாம் தங்கிப் பார்ப்பது பெருகும். நாம் கடந்து செல்வது தேயும். சந்தையைக் குறைகூறும் நாம் அச்சந்தையின் ஒரு பகுதியாகவும் இருக்கிறோம். பொறுமையாக விளக்கும் செய்தியை அணைத்துவிட்டுக் கூச்சலிடும் அரங்கைத் திறக்கும்போது, 1966இல் சிபிஎஸ் மேலிடம் எடுத்த முடிவை நம் வரவேற்பறையில் நாமே மீண்டும் எடுக்கிறோம்.