நூல் பிடித்துப் போட்ட கிளுவை வேலி

வீட்டுக்கு ஒரு காய்கறித் தோட்டம் வேண்டும் என்று நாம் ஓயாமல் பேசுகிறோம். அதற்கு வேலி போடுவது பற்றிப் பேசுவது குறைவு. ஒரே ஒரு வெள்ளாடு உள்ளே வந்தால் போதும், நாலு பாத்தி கத்திரியும் கீரையும் பத்து நிமிஷத்தில் காலி!

எங்க ஊர் காங்கேயம் பக்கம். இங்கே கொறங்காடுகளைச் சுற்றி முள்கிளுவையில்தான் உயிர்வேலி. புழக்கடைக்கும் அதையே வைத்தேன். நீளம் 40 அடி. அந்தப் பக்கம் பெரியப்பா மகனுடைய இடம்.

முதல் வேலை, எல்லைக்கல்லைத் தேடுவது. அண்ணனையும் கூட வைத்துக்கொண்டே தேடினேன். "தம்பி, கோடு நேரா இருந்தாத்தான் நாளைக்கு நம்ம பசங்க முகங்கொடுத்துப் பேசிக்குவாங்க" என்றார். உண்மைதான். வேலி ஒரு சாண் வளைந்தால், பின்னால் வருகிறவர்களுக்கு அந்த வளைவுதான் எல்லை. பங்காளிச் சண்டை அங்கேதான் முளைக்கிறது. கல் கிடைக்காவிட்டால் மனுக் கொடுத்து, சர்வேயரை வைத்து அளந்துவிட்டுத் தொடங்குங்கள்.

உயிர்வேலி பக்கவாட்டில் பருக்கும். அதனால் எல்லையிலிருந்து ஒன்றரை அடி எங்கள் பக்கம் தள்ளிக் கோடு போட்டேன்.

நேர்கோட்டுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கொத்தனார் நூல், நாலு முளைக்குச்சி, தூக்குக்குண்டு, கடப்பாரை போதும். இரண்டு முனைக் கால்களை முதலில் நட வேண்டும். 6 அடிக் கால் என்றால் ஒன்றரை அடியாவது மண்ணுக்குள் போகட்டும். தூக்குக்குண்டு பிடித்து, சாயாமல் நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்து மண்ணை இடித்து இறுக்குங்கள். பிறகு இரண்டு கால்களுக்கும் நடுவே மேலே ஒன்று, கீழே ஒன்று என நூல் கட்டுங்கள். காற்று இல்லாத காலை நேரம் நல்லது. காற்றடித்தால் நூல் வயிறு தள்ளும்.

நடுவில் 8 அடிக்கு ஒன்றாக நாலு கால். எந்தக் காலும் நூலைத் தொடக்கூடாது, ஒரு விரல் இடைவெளி விடுங்கள். ஒரு கால் நூலைத் தள்ளினால் அடுத்த கால்களும் அந்தக் கோணலிலேயே போகும். ஒரு காலைப் பார்த்து அடுத்த காலை நடுவதும் கூடாது. ஒவ்வொன்றையும் நூலைப் பார்த்தே நட வேண்டும். முடித்ததும் முனையில் நின்று ஒற்றைக்கண்ணால் பாருங்கள். முதல் காலுக்குப் பின்னால் மற்றதெல்லாம் மறைந்தால் கோடு சரி.

வேலி மூலை திரும்பும் இடத்தில் ஒரு பக்கம் 6 அடி, மறுபக்கம் 8 அடி அளந்து குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுவே குறுக்கே 10 அடி வந்தால் மூலைமட்டம் சரி.

கால்களில் குறுக்கே மூங்கில் கட்டி, சித்திரையில் கிளுவைப் போத்துகளை நட்டேன். கட்டைவிரல் கனம், 5 அடி நீளம். வெட்டியதும் சில நாள் நிழலில் போட்டு, பால் காய்ந்த பிறகு, நூலை ஒட்டி அரை அடிக்கு ஒன்றாக நட்டு, தென்னங்கயிற்றால் மூங்கிலோடு கட்டினேன். தண்ணீர் அதிகம் ஊற்றினால் அழுகிவிடும். போத்து வேர்பிடித்துத் தடிக்கும்வரைதான் மரக்காலுக்கு வேலை. அப்புறம் கால் மக்கினாலும் வேலி நிற்கும்.

கம்பிவேலி நட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே நிற்கும். உயிர்வேலி அப்படி இல்லை, வருஷா வருஷம் கவாத்து செய்யாவிட்டால் கோடு கலைந்துவிடும். நாங்கள் நூல் கட்டித்தான் வெட்டுகிறோம். அந்தப் பக்கத்தை அண்ணன் வெட்டுகிறார், இந்தப் பக்கத்தை நான். வெட்டிய தழை இரண்டு வீட்டு ஆட்டுக்கும் ஆகிறது. வேலியில் பிரண்டையும் கோவையும் தானாகவே ஏறிவிட்டன. துவையலுக்கும் பொரியலுக்கும் இரண்டு வீட்டுக்காரர்களும் பறித்துக்கொள்கிறோம்.

இந்தச் சித்திரைக்குப் போத்து வெட்ட நினைப்பவர்கள் இப்போதே எல்லைக்கல்லைத் தேடி வையுங்கள். பக்கத்து நிலத்துக்காரரையும் கூப்பிட்டுக்கொண்டு தேடுங்கள்.