படிக்கும் பெண்ணுக்கு மாலையில் ஒரு மணி நேரம்

மாணவர்களிடம் நேர நிர்வாகம் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். எல்லோருக்கும் நாளுக்கு 24 மணி நேரம். விடியற்காலையில் எழு, டைம்டேபிள் போடு, செல்போனைத் தள்ளி வை. இதில் எதுவும் தவறில்லை. ஆனால் அந்த 24 மணி நேரத்தில் எவ்வளவு அந்தப் பிள்ளையின் கையில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நம் அரசு கலைக் கல்லூரிகளில் படிக்கும் முதல் பட்டதாரிப் பிள்ளைகளிடம் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பல அரசுக் கல்லூரிகள் இரண்டு ஷிப்டாக நடக்கின்றன. காலை ஷிப்ட் முடிந்ததும் ஜவுளிக் கடைக்கோ செல்போன் கடைக்கோ வேலைக்கு ஓடுகிற பையன்கள் இருக்கிறார்கள். முகூர்த்த நாள் வந்தால் கேட்டரிங். கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு பஸ் போய்விட்டால் பாதிப் பொழுது போய்விடும். பெண் பிள்ளைகளுக்கு இத்தனைக்கும் மேலே வீட்டு வேலை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டதாகத் தெரிந்தது. 2024 கணக்கெடுப்பில் அது 289, 88. ஐந்து ஆண்டுகளில் பெண்களுக்குக் குறைந்தது பத்து நிமிடம். ஆண்களும் கிட்டத்தட்ட அதே அளவு குறைத்துக்கொண்டார்கள். இது மாணவிகளை மட்டும் எடுத்துப் போட்ட கணக்கு அல்ல, நாடு முழுவதற்குமான சராசரி. ஆனாலும் அண்ணன் சாப்பிட்ட தட்டைத் தங்கை கழுவுகிற வீட்டில், இருவருக்கும் ஒரே டைம்டேபிள் பொருந்தாது.

ஆகவே அட்டவணை போடுவதற்கு முன், ஒரு வாரத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதிப் பாருங்கள். எழுந்தது, தண்ணீர் பிடித்தது, பஸ்ஸுக்கு நின்றது, வகுப்பு, கடை, சமையல், ரீல்ஸ் பார்த்தது எல்லாவற்றையும். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. அதில் உங்களுக்கென்று உண்மையிலேயே இருக்கிற நேரம் எது என்று தெரிந்துவிடும். சிலருக்கு இரண்டு மணி நேரம் இருக்கும், சிலருக்கு நாற்பது நிமிடம்தான். நாற்பது என்றால் அந்த நாற்பதுக்குத் திட்டம் போடுவோம். இல்லாத நான்கு மணி நேரத்துக்கு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினால், மூன்றாம் நாளே தன்மேல் தனக்கே வெறுப்பு வரும்.

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நாம் போடும் கணக்கும் பெரும்பாலும் தப்பாகிறது. கனடாவில் உளவியல் மாணவர்களிடம், ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். முடிக்க ஆனது 55 நாளுக்கு மேல். 1994-இல் வெளிவந்த இந்த ஆய்வு ரெக்கார்ட் நோட்டு எழுதுகிற எவருக்கும் பொருந்தும். ஒரு யூனிட்டை இரண்டு மாலையில் முடிக்கலாம் என்று தோன்றினால் மூன்று என்று குறித்துக்கொள்ளுங்கள். நவம்பர் செமஸ்டர் தேர்வுக்கு முன்னால் தீபாவளி வரும். ஏப்ரல் தேர்வோடு ஊர்த் திருவிழாவும் வரும். வீட்டில் கல்யாணம் இருந்தால் அந்த வாரத்தை முழுதாக விட்டுவிட்டே கணக்குப் போடுங்கள்.

எனக்கு மிக நம்பிக்கை தருவது பஸ் நேரம். கூட்டத்தில் நின்றுகொண்டு எப்படிப் படிப்பது என்று கேட்கலாம். புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பகுதியைச் சிலர் இரண்டு முறை படித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை படித்துவிட்டு, அடுத்த முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ்: பார்க்காமல் எழுதியவர்களுக்கு 56 சதவீதம் நினைவில் இருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதம். மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்க்க இரண்டு கையும் வேண்டாம், உட்கார சீட்டும் வேண்டாம். கல்லூரியிலிருந்து திரும்பும் வழியில், இன்று முதல் பீரியடில் என்ன நடத்தினார்கள், அந்த வரையறை என்ன, அந்தக் கணக்கில் இரண்டாவது படி எது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வாருங்கள். தடுக்கி நின்ற இடத்தை மட்டும் வீட்டுக்குப் போய் நோட்டில் பாருங்கள். மாலையில் கிடைப்பது நாற்பது நிமிடம்தான் என்றாலும், எதைப் படிக்க வேண்டும் என்பது அதற்குள் தெளிவாகியிருக்கும். தோழியும் அதே பஸ்ஸில் வந்தால் ஒருவரையொருவர் கேட்கலாம்.

தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. படித்தது மூளையில் பதிவதும் தூக்கத்தில்தான்.

இதெல்லாம் மாணவர் பங்கு. மற்றவர்களுக்கும் பங்கு இருக்கிறது. இன்டர்னல் தேர்வுத் தேதிகளைக் கல்லூரி செமஸ்டர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், பார்ட் டைம் வேலைக்குப் போகிற பையன் கடை முதலாளியிடம் முன்கூட்டியே லீவு கேட்க முடியும். காலை ஷிப்ட் முடிந்த பிறகும் கல்லூரி நூலகத்தில் மாணவர்களை உட்கார அனுமதித்தால், ஒற்றை அறையும் டிவியும் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடமே வைத்திருக்கிறார்கள். அப்படி ஓர் இடம் கிளை நூலகங்களிலும் வேண்டும்.

தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் தகுதியுள்ள மாணவிகளின் கணக்குக்கு வருகிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பணத்தைக் கொடுக்க அரசால் முடியும். மாலை ஏழிலிருந்து எட்டு வரை அவளை யாரும் கூப்பிடாமல் இருக்க வீட்டில் உள்ளவர்களால்தான் முடியும். இந்தக் கட்டுரையைப் படிக்கும் அப்பாக்களே, அண்ணன்களே, இன்று இரவுப் பாத்திரங்களை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவள் படிக்கட்டும்.