கொழுந்துக் கணக்கும் கணினிப் பயிற்சியும்: ஊவாத் தோட்டங்களை முன்னிறுத்திய ஒரு நோக்கு

ஓரிடத்திற் பதியப்படும் தகவலைப் பலர் பல இடங்களிலிருந்து ஒரே வேளையிற் பார்க்கவும் பயன்படுத்தவும் வாய்ப்பளிக்கும் கணினி மென்பொருள்கள் இன்று வேலைத்தலங்கள் பலவற்றிலும் புகுந்துள்ளன. இவற்றைக் கையாள ஊழியரைப் பயிற்றுவதுபற்றிப் பேசுவோர் அதனைப் பெரும்பாலும் தொழினுட்பப் பிரச்சினையாகவே கொள்வர். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதைக் கற்பித்துவிட்டால் பயிற்சி முற்றுப்பெற்றது என்பது அவர்தம் எண்ணம். ஆயின், யாருக்கு எது கற்பிக்கப்படுகிறது, யாருக்கு எது கற்பிக்கப்படாது விடப்படுகிறது என்னும் வினாக்கள் உற்பத்தி உறவுகளோடு பிணைந்தவை. பதுளை மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் வழங்கிவந்த கணக்கு முறையையும், தோட்டக் கணக்கு கணினிமயமாகும் போக்கையும் கொண்டு இதனை விளக்க முயல்வோம்.

காலையிற் பிரட்டுக்களத்திற் பேர் பதிதல், பகலில் மடுவத்திற் கொழுந்து நிறுத்தல், பின்னர் அக்கணக்கைத் தோட்டக் காரியாலயத்திற் செக்ரோலில் ஏற்றுதல் என்பன நெடுங்கால நடைமுறைகள். கங்காணி, கணக்கப்பிள்ளை, கிளாக்கர், துரை எனப் பலரது கைபட்டே கொழுந்து பறிக்கும் பெண்ணின் மாதச் சம்பளம் உருப்பெறும். அவ்வகையிற் செக்ரோலும் கூட்டாகக் கையாளப்படும் ஒரு பதிவேடுதான். ஏனையோர் அதில் எழுதினர். அல்லது அதனைப் படித்தனர். கொழுந்து பறித்தவரோ எழுதப்பட்டவராக மட்டுமே இருந்தார்.

இந்நிலை தற்செயலானதன்று. தோட்டங்களில் எழுத்து தொடக்கத்திலிருந்தே அதிகாரத்தின் கருவியாக விளங்கிற்று. கடன் தீர்க்கப்பட்டால் தொழிலாளரை விடுவிக்க இசைவதாகத் துரை எழுதிக்கொடுத்த ‘துண்டு’ இதற்குத் தக்க சான்று. அச்சீட்டோடு கடனும், கடனோடு தொழிலாளரும் கைமாறினர். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. எனினும் எழுத்தறிவு தொழிலாளரை மிக மெதுவாகவே வந்தடைந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பரவலாகப் பொறுப்பேற்றது 1970களின் பிற்கூற்றிலேயே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

1992இல் அரச தோட்டங்களின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. அக்கம்பனிகளுட் சில அண்மைக்காலத்தில் இலத்திரனியற் தராசுகளைப் புகுத்தியுள்ளன. தொழிலாளியின் அட்டையோ இலக்கமோ பதியப்பட்டதும் கொழுந்தின் நிறை அவர் பெயரிற் கணினியைச் சென்றடையும். தோட்டக் காரியாலயமும் கொழும்புத் தலைமையகமும் ஒரே கணக்கைப் பார்க்கலாம். இதில் நன்மை இல்லாமலில்லை. கைப்புத்தகத்திற் பென்சிலால் எழுதிய எண்ணை மாற்றுவது எளிது. உடனுக்குடன் பதிவாகும் எண்ணை மாற்றுவது அத்துணை எளிதன்று. இயந்திரத்தைச் சாடுவது எமது நோக்கமுமன்று. இயந்திரம் வேறு, மூலதனம் அதனைப் பயன்படுத்தும் முறை வேறு என்ற தெளிவை மார்க்ஸ் 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்திலேயே வலியுறுத்தியுள்ளார்.

பிரச்சினை வேறிடத்தில் உள்ளது. சாக்கின் நிறைக்கும் இலையின் ஈரத்துக்குமெனக் கிலோக்கள் கழிக்கப்படுவது தோட்டங்களின் தீராத மனக்குறைகளுள் ஒன்று. பழைய முறையில் அக்கழிவைச் செய்தவர் கண்முன் நின்றார். அவரோடு வாதிட முடிந்தது. புதிய முறையில் அது மென்பொருளில் முன்கூட்டியே இடப்பட்ட ஓர் எண்ணாகிவிடக்கூடும். நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய அளவு குறைந்தால் ‘அரைப்பேர்’ போடும் விதியும் அவ்வாறே ஆகலாம். எண்ணோடு வாதிட இயலாது. 2021இல் சம்பள நிர்ணய சபையின் வழி நாட்சம்பளம் 1000 ரூபாவாக்கப்பட்டு, கூட்டு ஒப்பந்தமும் வழக்கொழிந்ததன் பின்னர், பறிக்கவேண்டிய கிலோ அளவு குறித்துப் பல தோட்டங்களிற் தகராறுகள் மூண்டன. ஆகவே அவ்வெண்ணை இடுபவர் யார் என்பது வயிற்றோடு தொடர்புடைய வினாவாகும்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். உத்தியோகத்தருக்குப் பதியவும், கிளாக்கருக்குத் தொகுக்கவும், முகாமையாளருக்கு அறிக்கை பெறவும் பயிற்சி வேண்டும். அட்டையை நீட்டும் பெண்ணுக்குப் பயிற்சி வேண்டியதில்லை என முகாமைத்துவ நோக்கு கொள்ளும். திரையிலுள்ள எண்ணைப் படிக்கவும், கழிவைக் கேட்டறியவும், மாதக் கணக்கோடு ஒப்பிடவும் அவர் கற்காவிடின், புதிய மென்பொருள் பழைய செக்ரோலின் அதிகாரத்தை மேலும் இறுக்கமாக்குமேயன்றித் தளர்த்தாது. மொழியும் இங்கு முக்கியமானது. தமிழும் அரசகரும மொழியென 1987இல் 13ஆவது திருத்தம் கூறியது. 1999இற் பதுளை மாவட்டத்தின் பிரதேச செயலாளர் பிரிவுகள் பல இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. சம்பளச் சீட்டும் தராசுத் திரையும் தமிழிற் பேசாதவிடத்து இவ்வுரிமை தோட்ட வாயிலோடு நின்றுவிடும்.

மாற்றுவழிக்கு முன்னுதாரணம் உண்டு. 1970களின் தொடக்கத்தில் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம், கணினி அறிஞர் கிறிஸ்டன் நிகார்டுடன் இணைந்து, தொழிலாளர் கணினி முறைகளைத் தாமே ஆராய்ந்தறியும் பாடநூல்களையும் படிப்பு வட்டங்களையும் உருவாக்கிற்று. 1975இல் அந்நாட்டுத் தொழிற்சங்கச் சம்மேளனமும் தொழில்தருநரும் செய்த உடன்படிக்கை, புகுத்தப்படும் கணினி முறைபற்றி விளங்கத்தக்க மொழியில் அறியும் உரிமையைத் தொழிலாளருக்கு வழங்கிற்று. அதற்கெனப் பிரதிநிதிகளைத் தெரிவுசெய்யவும் வழிசெய்தது.

தொழிலாளர் நிருவாகத்தை ஆராயும் இவ்வெண்ணம் ஊவாவுக்கு அந்நியமானதன்று. 1940இற் பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்ட வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் தமது சபையொன்றைத் தெரிவுசெய்தனர். அதனைக் கலந்தாலோசித்துச் செயற்படத் துரையும் இசைய நேர்ந்தது. எழுத்தறிவு மிகக் குறைந்திருந்த காலத்திலேயே இது இயன்றதெனில், கைத்தொலைபேசி லயங்களுக்குள்ளும் வந்துவிட்ட இக்காலத்தில் இயலாதென்பது பொருந்தாது.

எனவே தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு கணக்கையும் தம் கோரிக்கையாக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவையும் தமிழில் உடனே தொழிலாளியிடம் சேர்தல், கழிவு விதிகள் மடுவத்திற் பகிரங்கமாக எழுதப்படுதல், கணக்கைச் சரிபார்க்கும் பயிற்சி வேலைநேரத்திற் சம்பளத்தோடு அளிக்கப்படுதல் ஆகியன குறைந்தபட்சத் தேவைகள். பதுளையில் அமைந்துள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழினுட்பத்தைக் கற்பிக்கிறது. அவ்வறிவின் ஒரு பகுதி மலையேறி மடுவத்துக்கும் சென்றாதல் வேண்டும். கொழுந்து பறிப்பவர் தமது கணக்கைத் தாமே படிக்கும் நாளிலேயே அம்மென்பொருள் கூட்டுழைப்புக்குரியது என்னும் பெயருக்குத் தகுதி பெறும்.