நோயாளியின் மொழி

பங்குனித் திங்களில் வைரமுடிச் சேவையைக் காணத் தமிழ்நாட்டிலிருந்து அடியார்கள் பலர் மேல்கோட்டைக்குச் செல்கின்றனர். மைசூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்வூர், இராமாநுசர் பல்லாண்டுகள் தங்கியிருந்த திருநாராயணபுரமாகும். இங்குள்ள வைணவக் குடும்பங்கள் பலவற்றில் வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமும் வழங்குகின்றன.

யோக நரசிம்மர் குன்றின் படிகளில் ஏறும் முதியவர் ஒருவருக்கு நெஞ்சு வலி கண்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். அவரை மண்டியாவிலோ மைசூரிலோ உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறார்கள். செவிலியர் ஒருவர், மூச்சு விடுவதில் தொல்லை உண்டா என்று கன்னடத்தில் வினவுகிறார். கன்னடத்தில் 'உசிரு' என்றால் மூச்சு. அச்சொல்லைக் கேட்ட மனைவியோ, கணவரின் உயிரைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார்கள் என்று கலங்கி அழுகிறார். கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கவில்லை, காலமும் வீணாகிறது. 'நோவு' என்னும் சொல் இரு மொழிகளுக்கும் பொதுவே. ஆனால் ஒற்றுமையை நம்பி இறங்கும் இடத்தில்தான் இத்தகைய இடறல்களும் காத்திருக்கின்றன.

இவ்வேளையில், உடன் வந்த பள்ளிச் சிறுவனுக்குக் கன்னடம் தெரியுமென்றால் அவனையே மொழிபெயர்க்கச் சொல்வது வழக்கம். இது தகாது. நோயின் பெயர்கள் அவனுக்குத் தெரியா. பாட்டனாரின் நிலை மோசமென்று கேட்டால், அதை அவரிடம் சொல்ல அவனுக்கு நா எழாது. வளர்ந்த பிள்ளைகளும் அன்பு மிகுதியால் செய்தியை மென்மையாக்கி விடுவதுண்டு. உண்மையை அறியாமல் அறுவைச் சிகிச்சைக்கு இடும் கையொப்பம் எங்ஙனம் முழு இசைவாகும்?

மொழியைப் போலவே வழக்கங்களும் கவனத்திற்குரியவை. ஏகாதசி விரதமிருக்கும் நீரிழிவு நோயாளி அதைக் கூறாமல் வழக்கமான மருந்தை உட்கொண்டால், இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகக் குறைந்துவிடலாம். வெங்காயம், பூண்டு உண்ணாதவர் மருத்துவமனை உணவைத் தொடாமலே கிடந்து மெலியலாம். 'பசியில்லை' என்று அவர் சொல்வதை நோயின் குறியென்று எண்ணவும் கூடும்.

இவற்றுக்கெல்லாம் பரிகாரம் உண்டு. பசிபிக் தீவுகளான சமோவா, தொங்கா முதலியவற்றிலிருந்து குடியேறியோர் பலர் வாழும் நியூசிலாந்தில், 1996-ஆம் ஆண்டின் நோயாளர் உரிமை விதிகள் வழிகாட்டுகின்றன. நோயாளியின் பண்பாட்டுத் தேவைகளைக் கருதிச் சிகிச்சையளிக்க வேண்டும். தேவையும் வாய்ப்பும் உள்ள இடத்தில் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை அமர்த்த வேண்டும். துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளவும் நோயாளிக்கு உரிமையுண்டு.

நம் நாட்டிலும் தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் நோயாளர் உரிமைச் சாசனம் ஒன்றை வகுத்தது. நோயாளி அறிந்த மொழியில் விளக்கம் தருதல், ஆண் மருத்துவர் பெண்ணைப் பரிசோதிக்கையில் மற்றொரு பெண் உடனிருத்தல் ஆகியன அதில் அடங்கும். ஆகவே நாம் இவற்றைக் கேட்பது சலுகையை வேண்டுவதாகாது.

பயணம் புறப்படுமுன், உண்ணும் மருந்துகள், ஒவ்வாத மருந்துகள், பழைய நோய்கள், விரத வழக்கங்கள் ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நலம். மருத்துவமனையில் தமிழறிந்த ஊழியர் எவரேனும் உண்டா என்று முதலிலேயே கேட்கலாம். மருத்துவர் விளக்கியதை நம் சொற்களில் திருப்பிக் கூறி, 'இப்படித்தானே?' என்று உறுதி செய்துகொள்வது எல்லாவற்றினும் எளிய காப்பு.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்குக் கடமை ஒன்றும் உண்டு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடி வங்காளத்திலிருந்து வருவோர் மிகப் பலர். அதைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்கமொழிப் பலகைகளைக் காண்கிறோம். அயலார்க்கு நம் ஊர் செய்யும் இவ்வுதவியை, நாம் குடியேறிய ஊரில் நாமும் செய்யலாம். இரு மொழியும் அறிந்த ஒருவர், வாரத்தில் ஒரு மாலை மருத்துவமனைக்குச் சென்று, நிருவாகத்தின் இசைவுடன் நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து அவர் சொல்லை மருத்துவருக்கும், மருத்துவர் சொல்லை அவருக்கும் கூட்டாமல் குறைக்காமல் எடுத்துரைப்பாராயின், அது மருந்துக்கு நிகரான தொண்டாகும்.