ஆன்லைனில் பழைய கார் தேடுறீங்களா? வண்டி நம்பர் தராத விளம்பரத்தை ஏன் நம்பக் கூடாது?

பட்ஜெட் 4 லட்சம். குடும்பத்துக்கு ஒரு ஹேட்ச்பேக் போதும். மொபைலில் விற்பனைத் தளத்தைத் திறந்தால் நூற்றுக்கணக்கான கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. எல்லாமே 'சிங்கிள் ஓனர்', எல்லாமே 'ஷோரூம் கண்டிஷன்', நடுநடுவே 'டாக்டர் ஓட்டின வண்டி'. ஆனால் ரெண்டு வாரம் தேடி, இருபது பேருக்கு போன் போட்ட பிறகும் நேரில் போய்ப் பார்க்கும்படி ஒரு வண்டிகூட சிக்காது.

பழைய கார் தேடுகிற பலருக்கும் இதுதான் அனுபவம். ஏன் இப்படி நடக்கிறது? எந்த விளம்பரம் உண்மை, எது வெறும் தூண்டில் என்று வீட்டில் இருந்தபடியே கண்டுபிடிக்க முடியுமா? விரிவாகப் பார்ப்போம்.

'இப்பதான் சார் வித்துப்போச்சு'

விலை குறைவான, கிலோமீட்டர் குறைவான விளம்பரத்தைப் பார்த்து போன் செய்தால் பெரும்பாலும் வரும் பதில் இது: "அது இப்பதான் சார் வித்துப்போச்சு. ஆனா அதே மாடல் இன்னொண்ணு இருக்கு, நேர்ல வாங்க."

அந்த இன்னொரு வண்டியின் விலை 60 ஆயிரமோ, 70 ஆயிரமோ கூடுதலாக இருக்கும். விற்றுப்போனதாகச் சொன்ன விளம்பரம் அடுத்த வாரமும் அப்படியே இருக்கும்.

காரணம் எளிது. இலவச விளம்பரத் தளங்கள் கார் விற்பதில்லை. வாங்க நினைப்பவரை விற்க நினைப்பவரோடு கோர்த்துவிடுவதுதான் அவற்றின் தொழில். விளம்பரத்தை மேலே காட்டுவதற்கும், மாத பேக்கேஜுக்கும் வியாபாரிகள் கட்டும் பணம்தான் வருமானம். கார் விற்ற பிறகு விளம்பரத்தை எடுத்தாக வேண்டும் என்ற அவசரம் வியாபாரிக்கு இல்லை. விளம்பரம் இருக்கிற வரை போன் வந்துகொண்டே இருக்கும்.

அதாவது, அந்த விளம்பரத்தின் வேலை காரை விற்பது இல்லை. உங்கள் போன் நம்பரை வாங்குவதுதான்.

ஒரே கார், நாலு விலை

'ஓனர்' என்று ஃபில்டர் போட்டுத் தேடினாலும் போனை எடுப்பவர் ஆட்டோ கன்சல்டிங் வைத்திருப்பவராகவோ புரோக்கராகவோ இருப்பது சகஜம். ஒரே காரின் அதே போட்டோக்களை நாலு புரோக்கர்கள் நாலு விலையில் போட்டிருப்பார்கள். யாரிடமும் வண்டி இருக்காது. நீங்கள் 'வரேன்' என்று சொன்ன பிறகுதான் உண்மையான ஓனருக்கே போன் போகும்.

விலை வித்தியாசத்தில் வரியும் இருக்கிறது. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் நடந்த 55-வது ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்தில், பழைய கார்களை விற்கும் பதிவு பெற்ற வியாபாரிகளுக்கு 18 சதவீத வரி பரிந்துரைக்கப்பட்டது. இது காரின் முழு விலைக்கு அல்ல, அவருடைய லாபத்துக்கு மட்டும். 3 லட்சத்துக்கு வாங்கிய காரில் 40 ஆயிரம் லாபம் என்றால் வரி 7,200 ரூபாய். தனி நபர் ஒருவர் இன்னொரு தனி நபருக்கு விற்றால் இந்த வரி கிடையாது. 'ஜி.எஸ்.டி. தனி' என்று சொல்லி முழு விலைக்கும் 18 சதவீதம் கேட்டால் உஷாராகிவிடுங்கள்.

நம்பர் பிளேட்டை ஏன் மறைக்கிறார்கள்?

விளம்பரப் படங்களைக் கவனித்தால் ஒன்று புரியும். பல படங்களில் நம்பர் பிளேட் மேல் விரல், துணி, ஸ்டிக்கர் அல்லது மங்கலான கட்டம் இருக்கும்.

இதற்கு நியாயமான காரணமும் உண்டு. அந்த நம்பரைப் பார்த்து யாராவது போலி பிளேட் செய்துவிடலாம் என்று ஓனர் பயப்படலாம். சில தளங்கள் தாங்களாகவே நம்பரை மறைத்துவிடுகின்றன. அதனால் படத்தில் நம்பர் இல்லை என்பதற்காக மட்டும் விளம்பரத்தை ஒதுக்க வேண்டாம்.

ஆனால் போனில் நீங்கள் கேட்ட பிறகும் நம்பர் தர மறுத்தால்? அங்கேதான் பிரச்னை. ஏனென்றால் அந்த ஒரு நம்பரை வைத்தே காரின் வயது, எத்தனையாவது ஓனர், கடன், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். நம்பர் தராதவர் உங்களை நேரில் வரவழைத்து, வண்டியைக் காட்டி, ஆசைகாட்டி, அட்வான்ஸ் வாங்கிய பிறகுதான் பேப்பரை எடுப்பார்.

பொருளாதாரத்தில் இதற்குப் பெயரே உண்டு

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்ற இந்தச் சிக்கலைப் பற்றி 1970-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே பழைய கார் சந்தைதான். கோளாறான காரை அமெரிக்க பேச்சுவழக்கில் 'லெமன்', அதாவது எலுமிச்சை என்பார்கள்.

எது நல்ல கார், எது லெமன் என்று தெரியாதபோது, வாங்குபவர் எல்லாக் காருக்கும் நடுத்தர விலைதான் தர முன்வருவார். நல்ல கார் வைத்திருப்பவர் 'இந்த விலைக்கா?' என்று விற்காமல் விலகிவிடுவார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது கோளாறான கார்கள். இந்த ஆய்வுக்காக அகெர்லாஃப் 2001-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

விளம்பரத் தளங்களில் நல்ல கார் ஏன் சீக்கிரம் காணாமல் போகிறது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. நல்ல வண்டியை சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பழகின மெக்கானிக் என்று தெரிந்தவர்களே வாங்கிவிடுகிறார்கள். அவர்களிடம் தகவல் இருக்கிறது. உங்களிடம் இல்லை. அந்தத் தகவலைத் திறக்கும் சாவிதான் வண்டி நம்பர்.

நம்பர் கிடைத்ததும் என்ன பார்க்கணும்?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாஹன் இணையதளத்திலோ எம்-பரிவாஹன் ஆப்பிலோ உங்கள் மொபைல் நம்பரைக் கொடுத்து உள்ளே போகலாம். பிறகு கார் நம்பரைப் போட்டு இவற்றைச் சரிபாருங்கள்.

பதிவு தேதி: விளம்பரத்தில் 2018 மாடல் என்று இருக்கும், பதிவு 2016-ல் நடந்திருக்கும். சொந்த உபயோக கார்களுக்குப் பதிவு 15 ஆண்டு. அதன் பிறகு எஃப்.சி. காட்டி 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

ஹெச்.பி.: கடன் கொடுத்த வங்கியின் பெயர் இன்னும் இருந்தால், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வேண்டும். 'டியூ எல்லாம் கட்டியாச்சு' என்ற வாய் வார்த்தை போதாது.

இன்சூரன்ஸ்: எப்போது முடிகிறது என்று பாருங்கள். 'ஃபுல் கவர்' என்று சொல்லப்படும் பாலிசி வெறும் தேர்ட் பார்ட்டியாக இருக்கலாம். பாலிசி நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இ-சலான்: நம்பரோடு சேஸிஸ் அல்லது இன்ஜின் நம்பரின் கடைசி 5 இலக்கங்கள் இருந்தால் நிலுவை அபராதங்களையும் பார்க்கலாம்.

டி போர்டா, ஓன் போர்டா: டாக்ஸியாக ஓடிய காரை ஓன் போர்டுக்கு மாற்றி விற்பது சட்டப்படி சரி. ஆனால் மறைத்து விற்பது சரியல்ல. ஆர்.சி.யையும், வண்டியின் பழைய பதிவு விவரத்தையும் கேளுங்கள்.

மீட்டர் சொல்வது உண்மையா?

ஆண்டுக்கு 10 ஆயிரம் கிலோமீட்டர் என்று வைத்தாலே 8 வருட வண்டி 80 ஆயிரம் ஓடியிருக்கும். விளம்பரத்தில் 32 ஆயிரம் என்று இருந்தால் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

டிஜிட்டல் மீட்டரையும் திருப்ப முடியும். ஆனால் சர்வீஸ் பதிவை அவ்வளவு சுலபத்தில் திருப்ப முடியாது. அந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டரில், ஓனரின் சம்மதத்தோடு, கார் நம்பரைச் சொல்லி ஒவ்வொரு சர்வீஸிலும் பதிவான கிலோமீட்டரைக் கேளுங்கள். 2021-ல் 70 ஆயிரம் ஓடிய கார் இன்று 45 ஆயிரம் காட்டினால் விஷயம் முடிந்தது.

டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. 30 ஆயிரம் மட்டுமே ஓடியதாகச் சொல்லும் காரில் நாலு டயரும் மாற்றப்பட்டிருந்தால் காரணம் கேளுங்கள். பிரேக் பெடல் ரப்பரும், ஸ்டியரிங்கும் வழவழவென்று தேய்ந்திருந்தாலும் அப்படித்தான்.

விலை ரொம்பக் குறைவா? இந்த இரண்டையும் கவனிங்க

முதலாவது, வெளிமாநில வண்டி. டெல்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் கார்களுக்கும், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் கார்களுக்கும் பல ஆண்டுகளாகக் கட்டுப்பாடு, வழக்கு என்று இழுபறி. அதனால் அங்கிருந்து பல கார்கள் மலிவு விலையில் மற்ற மாநிலங்களுக்கு வருகின்றன. ஆனால் அதைத் தமிழ்நாட்டில் நிரந்தரமாக ஓட்ட, பழைய ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28 வழியே என்.ஓ.சி. வாங்க வேண்டும். இங்கே மறுபதிவு செய்து சாலை வரியும் கட்ட வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் புதிய பதிவெண் வாங்குவது கட்டாயம். இந்தச் செலவையெல்லாம் கூட்டினால் 'சீப்' விலை காணாமல் போய்விடும்.

இரண்டாவது, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் கார்கள் நீரில் மூழ்கியதைப் பார்த்தோம். அப்படிப்பட்ட வண்டியைக் கழுவி, சீட் கவர் மாற்றிவிட்டால் படத்தில் எதுவுமே தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை இருக்கலாம். சீட் அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, மிதியடிக்குக் கீழே ஈர வாசனை, ஹெட்லைட்டுக்குள் பனி படிந்த மாதிரி நீர்த்துளி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

நேரில் போகும்போது முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஸ்டார்ட்டிங் பிரச்னையை மறைக்கிறார்களா என்று கேட்க வேண்டியிருக்கும். கூடவே விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவு இல்லை.

வண்டியே இல்லாத விளம்பரம்

ராணுவ வீரர் என்று சொல்லிக்கொண்டு, 'டிரான்ஸ்ஃபர் ஆகிடுச்சு, அவசரமா விக்கறேன்' என்று பேசி, டெலிவரி செலவுக்கு முன்பணம் கேட்பது பழக்கமான மோசடி. அடையாள அட்டை, ஆர்.சி. நகல் எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும். கார் மட்டும் வராது.

விதி ஒன்றுதான்: காரையும் அசல் ஆர்.சி.யையும் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. நீங்கள் காரை விற்பவராக இருந்தால் இதையும் நினைவில் வையுங்கள். பணம் பெறுவதற்கு க்யூ.ஆர். கோடு ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையே இல்லை.

நேம் டிரான்ஸ்ஃபர்: இங்கே தவறினால் ஆபத்து

படிவம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு தேதி போடாமல் கை மாற்றுவதை 'ஓபன் டிரான்ஸ்ஃபர்' என்பார்கள். இது ரெண்டு பக்கமும் ஆபத்து.

மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் நவீன் குமார் - விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கார் பல கை மாறியிருந்தாலும் இதுதான் நிலைமை. காரை விற்றுவிட்டு நிம்மதியாக இருப்பவரின் வீட்டுக்கு, யாரோ செய்த விபத்துக்கான நோட்டீஸ் வருவது இப்படித்தான்.

இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் அவருடையது, காரோடு வராது. அந்த வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

கன்சல்டிங்கில் வாங்குகிறீர்களா? 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மத்திய அரசின் விதிப்படி, பழைய வாகன டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அது 5 ஆண்டு செல்லும். 'உங்க சர்டிபிகேட்டைக் காட்டுங்க' என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

ஏமாந்துவிட்டால் எங்கே போவது?

பணம் அனுப்பி ஏமாந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு.

டீலரோ, தானே காரை வாங்கி விற்கும் நிறுவனமோ ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2020-ம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகளின்படி, ஆன்லைன் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். ஆனால் தனி நபரிடம் நேரடியாக வாங்கினால் நுகர்வோர் நீதிமன்றம் போவது கடினம். போலீஸ் அல்லது சிவில் வழக்குதான் வழி. அதனால் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல், கிலோமீட்டரையும் விபத்து விவரத்தையும் எழுதிக் கையெழுத்திட்ட விற்பனை ஒப்பந்தம் மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

அடுத்த முறை விளம்பரம் பார்த்து போன் போடும்போது, 'கடைசி விலை என்ன?' என்று ஆரம்பிக்காதீர்கள். முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "வண்டி நம்பர் சொல்லுங்க, பார்த்துட்டு கூப்பிடறேன்." உண்மையான ஓனர் நம்பரைச் சொல்வார். தூண்டில் போடுகிறவர் பேச்சை மாற்றுவார். இருபது போன் கால் ரெண்டு நிமிடத்தில் வடிகட்டப்பட்டு, நேரில் பார்க்கத் தகுந்த ரெண்டு, மூன்று கார்கள் மட்டும் கையில் நிற்கும்.