இரண்டு உஷ்ணமானிகளும் இரண்டு கோடுகளும்

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அதை ஃபாரன்ஹீட் அளவில் 102 என்று சொல்லிக் கவலைப்படுகிற நாம், அன்றைய வெயிலைச் செல்சியஸ் அளவில் 38 என்று வானிலை அறிக்கை கூறும்போது அதையும் தடுமாற்றமின்றி ஏற்றுக்கொள்கிறோம். ஒரே உஷ்ணத்துக்கு இப்படி இரு வேறு எண்கள் வழங்கிவருவதும், அவ்விரண்டையும் பிணைக்கும் விதி ஒரு நேர்கோடாக அமைந்திருப்பதும், பள்ளிக்கூடத்தில் சாய்வு என்றும் வெட்டுத்துண்டு என்றும் படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்ட இரண்டு கருத்துக்களை விளங்கிக்கொள்ள மிகவும் ஏற்ற உதாரணமாகும்.

வரைபடத் தாளில் கிடையச்சில் செல்சியஸ் டிகிரிகளையும் குத்தச்சில் ஃபாரன்ஹீட் டிகிரிகளையும் குறித்துக்கொள்வோம். பனிக்கட்டி உருகும் நிலைக்குச் செல்சியஸ் எண் 0, ஃபாரன்ஹீட் எண் 32. நீர் கொதிக்கும் நிலைக்கு முறையே 100, 212. இவ்விரு புள்ளிகளையும் இணைத்தால் வரும் கோடு குத்தச்சை 32-இல் வெட்டுகிறது; அதுவே வெட்டுத்துண்டு. வலப்புறம் 100 டிகிரி செல்வதற்குள் கோடு 180 டிகிரி மேலேறுகிறது; ஆகவே டிகிரி ஒன்றுக்கு ஏற்றம் 1.8. அதுவே சாய்வு. எங்கே ஆரம்பிக்கிறது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்னும் இவ்விரண்டையும் அறிந்துவிட்டால், அந்தக் கோட்டைப் பற்றி அறிய வேண்டியது வேறொன்றுமில்லை.

இவ்விரண்டில் 32 என்பது இயற்கை விதித்ததன்று. டான்சிக் நகரில் பிறந்து ஹாலந்தில் கருவிகள் செய்து வாழ்ந்த ஃபாரன்ஹீட், 1724-ஆம் ஆண்டில் தம் அளவுமுறையை விவரித்தபோது, பனிக்கட்டியும் நீரும் நவச்சாரமும் சேர்ந்த கலவையின் குளிர்ச்சியைப் பூஜ்யமாகக் கொண்டார். அதனால்தான் வெறும் பனிக்கட்டியும் நீரும் கலந்த நிலை 32-இல் போய் நின்றது. சுவீடன் தேசத்து வானியல் அறிஞரான செல்சியஸ் 1742-இல் செய்தது இன்னும் விசித்திரமானது: அவர் நீர் கொதிக்கும் நிலைக்கு 0 என்றும், உறையும் நிலைக்கு 100 என்றும் பெயரிட்டார். அவருடைய ஆதி எண்களைக் கொண்டு வரைந்தால், கோடு 212-இல் ஆரம்பித்து, டிகிரிக்கு 1.8 வீதம் கீழே இறங்கும். இன்றைய கோட்டுக்கும் அதற்கும் செங்குத்துத் தன்மை ஒன்றே; குறி மட்டுமே மாறியிருக்கிறது. ஒன்று ஏற, மற்றொன்று இறங்க, இரண்டும் 50-ஆம் டிகிரியில், அதாவது ஃபாரன்ஹீட் 122-இல், சந்திக்கின்றன. அவர் 1744-இல் காலமான பின்னரே அந்த அளவு தலைகீழாக்கப்பட்டு இன்றைய உருவம் பெற்றது.

பிரான்சு தேசத்து ரேமூர் என்பவரின் அளவில் நீர் 0-இல் உறைந்து 80-இல் கொதிக்கும். அவருடைய எண்களைக் கிடையச்சில் இட்டு ஃபாரன்ஹீட் கோடு வரைந்தால், அதுவும் 32-இலேயே புறப்படும், ஆனால் 2.25 என்ற சாய்வோடு செல்சியஸ் கோட்டை விட்டு விலகி மேலே போய்விடும். கெல்வின் அளவோ இதற்கு மாறானது, செல்சியஸோடு 273.15-ஐக் கூட்டினால் கிடைப்பது அதுவாகையால், செல்சியஸ் எண்களைக் கிடையச்சிலும் கெல்வின் எண்களைக் குத்தச்சிலும் இட்டால் சாய்வு 1 ஆகவே இருக்கும். வெட்டுத்துண்டு மட்டும் வேறுபட்டு, சாய்வு ஒத்திருக்கும் கோடுகள் இணையாகச் செல்லுமேயன்றி எக்காலத்திலும் கூடமாட்டா.

ஃபாரன்ஹீட் எண்ணும் செல்சியஸ் எண்ணும் ஒன்றாகிவிடும் உஷ்ணம் ஏதேனும் உண்டா என்பதுதான் இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சூத்திரம் ஏதும் எழுதாமலே இதற்கு விடை காணலாம். பனிக்கட்டி உருகும் நிலையில் ஃபாரன்ஹீட் எண் 32 முன்னே நிற்கிறது. செல்சியஸ் ஒரு டிகிரி ஏறினால் ஃபாரன்ஹீட் 1.8 ஏறுவதால் அந்த வித்தியாசம் 0.8 கூடுகிறது, ஒரு டிகிரி இறங்கினால் அதே 0.8 குறைகிறது. 32 முழுவதும் கரைந்துபோக 40 டிகிரி இறங்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியில் இரண்டு உஷ்ணமானிகளும் ஒரே எண்ணைக் காட்டும். அதற்கும் கீழே செல்சியஸ் எண்ணே பெரிதாகிவிடும். வெட்டுத்துண்டுகளின் வித்தியாசத்தைச் சாய்வுகளின் வித்தியாசத்தால் வகுப்பதே, இணையாகச் செல்லாத எந்த இரு கோடுகளுக்கும் சந்திப்பைக் கண்டுபிடிக்கும் வழி.

சாய்வையும் வெட்டுத்துண்டையும் பிரித்தறியாதவர்கள் படித்தவர்களேயாயினும் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. உடல் உஷ்ணம் 37-இலிருந்து 38 ஆனால், ஃபாரன்ஹீட்டில் 98.6 என்பது 100.4 ஆகிறது, ஏற்றம் 1.8 மட்டுமே. 32 இருபுறமும் இருந்து கழிந்துபோகிறதால், ஏற்றத்தாழ்வைக் கணக்கிடும்போது சாய்வுக்கே வேலை, வெட்டுத்துண்டுக்கு வேலையில்லை. உலகின் சராசரி உஷ்ணம் உயர்வதை 2 டிகிரிக்கு வெகுவாகக் கீழே நிறுத்த வேண்டுமென்று 2015-இல் பாரிசில் தேசங்கள் உடன்பட்டபோது பேசப்பட்டது உஷ்ணத்தின் உயர்வேயன்றி உஷ்ணமன்று. அந்த 2 டிகிரியை ஃபாரன்ஹீட்டாக மாற்ற முனைகிறவர் வழக்கம்போல் 32-ஐயும் கூட்டினால் 35.6 என்ற பொருந்தாத எண்ணைப் பெறுவார். சரியான விடை 3.6.